இன்னாசிப்பிள்ளையின் இடது கால்

கல்லறை கட்டாத புதைகுழியை ஏழு வருடம் கழித்து அடுத்த பிரேதத்துக்குத் திறப்பது அந்தக் கற்பிட்டிக் கரை வேதக்கோயிலின் வழக்கம். பிரேதம் புதைக்கும் சேமக்காலையில் இடம் குறைவு. யுத்தம் முடிந்து ஐந்தாம் வருடம், இன்னாசிப்பிள்ளையின் முறை வந்தது. அவருக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை. அதனால் குழிவெட்டும் பீற்றர், கடைசி இரண்டு வருடம் அவரைப் பராமரித்த எமிலியாவிடம் ஒரு சொல் கேட்க ஆள் அனுப்பினான். மறுநாள் ஒரு அடக்கம் இருந்தது.

எமிலியா சம்மதம் சொல்லத்தான் போனாள். செத்தவருக்குப் படுக்கைப்புண் வராது. இனி அவருக்கு எந்த இடமானால் என்ன?

குழியடியில் பீற்றரோடு தொப்பி போட்ட முதியவர் ஒருவர் துஆப் பிரார்த்தனைக்குக் கையேந்தி நின்றார். புத்தளத்து மீரா முகைதீன். கலியாணத்துக்கு வந்த இடத்தில் இன்னாசியின் குழியை விசாரித்துக்கொண்டு வந்தாராம். ஐம்பத்தெட்டில் புத்தளத்து உதைபந்தாட்டக் குழுவுக்குக் கோல் காத்தவர். துஆ முடிந்ததும் வலக்கையை நீட்டிக் காட்டினார். மணிக்கட்டு கோணியிருந்தது. எமிலியா தடவிப் பார்த்தாள். பழைய முறிவு, சரியாகப் பொருந்தாத எலும்பு.

இன்னாசி அடித்த பந்தாம். சப்பாத்தில்லாத வெறும் இடது கால். பந்து வந்ததை மீரா முகைதீன் காணவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டார். அது கையை முறித்து, கோலுக்குள் போய், பின்னால் நின்ற தென்னையில் மோதித் திரும்பி அவர் முதுகிலேயே பட்டதாம். பார்த்துநின்ற சனம் கத்தவும் மறந்து நின்றதாம்.

அந்தக் காலை இரண்டு வருடம் கழுவித் துடைத்தவள் எமிலியா. விரிந்த விரல்கள், நகமில்லாத பெருவிரல், கல் போன்ற பாதம். மீனுக்குக் கரைவலை இழுத்த கால் என்றே நினைத்திருந்தாள். ஞாபகம் தப்பிய மனிதர் பின்னேரம் நாலரையானால் அதை உதறுவார். போர்வை பறக்கும், ஒருநாள் கஞ்சிக் கோப்பையும் பறந்தது. அதற்குப் பிறகு அவள் தினமும் அந்த நேரத்துக்கு மெத்தென்ற துணியால் கணுக்காலைக் கட்டிலோடு கட்டினாள்.

அவள் மறைக்கவில்லை. "அந்தக் கால நான் கட்டிலோட கட்டி வச்சனான், நானா."

மீரா முகைதீன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நாங்க பதினொரு பேரும் சேந்து மறிக்க ஏலாத கால். ஒத்தத் துணியால கட்டினீங்களா, தங்கச்சி?" சிரித்தவர், எத்தனை மணிக்குக் கட்டினாள் என்று கேட்டார். அவள் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நாலரைக்குத்தான் மெச் தொடங்கும்," என்றார்.

வெட்டட்டுமா என்று பீற்றர் எமிலியாவிடம் கேட்டான்.

"இதில கை வைக்காத. நாளைக்கு அடக்குறவருக்கு எங்கட அம்மாக்குப் பக்கத்தில எனக்கெண்டு விட்ட இடத்தில வெட்டு."

"அப்ப உங்களுக்கு, அக்கா?"

"எனக்கு இப்ப அவசரமில்லை."