காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்ட மெயில்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. பட்டுச் சேலை கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மெயில் வரலப்பா" என்று யார் வந்தாலும், "யாராவது அனுப்பினாதானே வரும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் ஆபீஸ். இடம் போதாமல் முதலாளி வாலாஜாபாத்தில், ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆபீஸ் எடுத்தார். டிசைன் போடுகிறவர்களும் பேக்கிங் பார்க்கிறவர்களுமாக எட்டுப் பேர் அங்கே போவதாக ஏற்பாடு. அங்கே நெட் அடிக்கடி படுத்துக்கொள்ளும் என்பதால் தனியாக ஒரு மெயில் சர்வர் வைத்தேன். ஆனால் வெளியாருக்கு நாங்கள் ஒரே கம்பெனி. யாருடைய மெயில் முகவரியும் மாறவில்லை. வெளியிலிருந்து வருவது எல்லாம் முதலில் காஞ்சிபுரம் சர்வருக்கு வரும். அந்தப் பெயரில் இங்கே பெட்டி இருந்தால் இங்கேயே போட்டுவிடும். இல்லையென்றால் வாலாஜாபாத்துக்குத் தள்ளிவிடும்.

முறைப்படி, ஆள் போகிற அன்றே இங்கே பழைய பெட்டியை எடுத்துவிட்டு அங்கே புதியதைத் திறக்க வேண்டும். ஆடி குறுக்கே வந்தது. ஆடியில் எங்கள் முதலாளி ஒரு ஸ்டூலைக்கூட இடம் மாற்ற மாட்டார். அதனால் ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் அங்கே பால் காய்ச்சி, சர்வருக்குக் குங்குமம் வைத்து, எட்டுப் பேருக்கும் புதுப் பெட்டி திறந்துவிட்டோம். ஆட்கள் மட்டும் ஆடி முழுக்கக் காஞ்சிபுரத்திலேயே பழைய பெட்டியை வைத்து வேலை பார்த்தார்கள். ஆவணியில் அவர்கள் போனதும் பழைய பெட்டிகளை எடுத்தேன். ஏழு பெட்டிகள்தான் எடுத்தேன்.

எட்டாவது, டிசைன் போடுகிற அக்காவுடையது. "அத மட்டும் கொஞ்ச நாள் வைப்பா. பழைய டிசைன் எல்லாம் அதுலதான் இருக்குது. எடுத்துக்கினு சொல்றேன்" என்றார். சரி என்றேன். பிறகு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வேலைக்கு வெளியிலிருந்து மெயில் எதுவும் வராது.

அந்த அக்காவுக்கு ஒரு தங்கை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனவர். அவர் பேச்சை எடுத்தாலே அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவாராம். அக்காவின் போனைக்கூட வாங்கிப் பார்ப்பாராம். பல வருஷமாகப் பேச்சில்லை. தங்கை எங்கே வேலை பார்க்கிறார் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, வாலாஜாபாத் போன முதல் வாரமே அக்கா தங்கையின் ஆபீஸ் முகவரிக்கு மெயில் எழுதினார். வீட்டுக்கு எழுதாதே, போன் வேண்டாம், இந்த முகவரிக்கே எழுது, நான் இப்போது வாலாஜாபாத் ஆபீஸில் இருக்கிறேன் என்று. இதையெல்லாம் பிறகுதான் என்னிடம் சொன்னார்.

புரட்டாசியில் நான் அங்கே போயிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "எனக்கு வெளியிலர்ந்து ஒரு மெயில் வரணும்பா. வரவேயில்ல. ஒருவாட்டி பாரேன்."

அங்கே இருந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே அவருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். உடனே வந்தது. வராமல் என்ன? அது வாலாஜாபாத் சர்வரை விட்டு வெளியே போகவேயில்லை. என் போனிலிருந்து, என் சொந்த முகவரியிலிருந்து அனுப்பிப் பார்த்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒரு நிமிஷ வேலை. செய்யவில்லை. "எல்லாம் சரியா இருக்குதுக்கா. அனுப்பினாதானே வரும்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கார்த்திகையில் காஞ்சிபுரம் சர்வரில் இடம் நிரம்பிவிட்டது. பழையதைக் கழித்துப் போடலாம் என்று துழாவியபோது அக்காவின் பழைய பெட்டி கண்ணில் பட்டது. படிக்காத மெயில்கள் நான்கு. திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இங்கே பெட்டி இருந்ததால் வெளியிலிருந்து அக்காவுக்கு வந்ததெல்லாம் வாலாஜாபாத் போகாமல் இதிலேயே விழுந்திருக்கிறது. போனில் சொல்லத் தைரியமில்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு நேரே வாலாஜாபாத் போனேன்.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தார். முதல் மெயில் முழுக்கச் சந்தோஷம். இரண்டாவதில் ஒரு தேதி. "அன்னிக்கு வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு வரேன். ஆபீசுக்கு வந்தா உனக்குப் பேச்சு வரும். நீ ஸ்டேஷனுக்கு வந்துடு." நான் 'எல்லாம் சரியா இருக்குது' என்று சொன்ன நாளிலிருந்து நான்காம் நாள் அது. மூன்றாவது, "சாயங்காலம் வரைக்கும் உக்காந்துகினு இருந்தோம். பொண்ணையும் கூட்டிக்கினு வந்திருந்தேன்." நான்காவது, "இந்த மாசத்தோட வேலைய விடறேன். வேற ஊருக்குப் போறோம். பதில் போட்டா புது விலாசம் சொல்றேன். போடலன்னா, உனக்கும் நான் வேணாம்னு எடுத்துக்கறேன்."

அக்கா அங்கேயே பதில் அடித்தார். இரண்டு வரிதான். அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது. அதிலிருந்த இங்கிலீஷ் வரியைக் காட்டி, "இன்னாபா இது?" என்றார்.

அப்படி ஒருவர் அந்த ஆபீஸில் இல்லை என்று அர்த்தம். ஆள் வேலையை விட்டு நின்றதும் பெட்டியை எடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் என்னைப் போல ஒருவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான். போன் போட்டும் கேட்டோம். எந்த ஊருக்குப் போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"என் தப்புதாங்கா" என்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரண்டாவது மெயிலை மறுபடி திறந்து அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் லீவு கூட போடலப்பா" என்றார். "மத்தியானம் டீ குடிக்க ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன்."