ஓடு உரித்த முட்டையும் ஒரு மைக்ரோவேவும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் முட்டாள். அதிலும் படித்துப் பார்த்துவிட்டுத் தப்பு செய்கிற முட்டாள். படிக்காமல் செய்பவனுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பின் நாலைந்து வருடம் கழித்து, திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு மைக்ரோவேவ் வந்தது. மனைவிக்குப் புதுப்பட்டினத்தில் பள்ளிக்கூட வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். அரசாங்க குமாஸ்தாவான நான் மத்தியானம் வீட்டுக்கு நடந்து வந்து, ஆடை கட்டிய குழம்பைத் தின்பேன். சிலிண்டர் எப்போது தீரும், அடுத்தது எப்போது வரும் என்று தெரியாததால், சூடு பண்ணுவதற்கெல்லாம் அடுப்பைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆக, சுடுசோறு என்றால் எனக்கு அந்தப் பெட்டிதான்.

கடையிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்தவர் சொன்னார்: "எவர்சில்வர் உள்ள வெக்காதீங்க சார். முட்டைய ஓட்டோட வெக்காதீங்க. மீதியெல்லாம் புக்ல கீது."

புத்தகத்தில் உலகத்து மொழியெல்லாம் இருந்தது, தமிழ் மட்டும் இல்லை. இங்கிலீஷில் படித்தேன், அரசாணை படிக்கிற மாதிரி. கூடாது என்று எழுதியிருந்தால் கூடாது. எழுதவில்லையென்றால் தாராளமாகச் செய்யலாம். இருபது வருடப் பழக்கம்.

எங்கள் வீட்டிலோ எவர்சில்வரைத் தவிர வேறு பாத்திரமே கிடையாது. கல்யாணத்துக்கு வந்த சம்படம், தூக்கு, டம்ளர் எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். தேடித் தேடி ஷோகேஸிலிருந்து ஒரு பீங்கான் கோப்பையை எடுத்தேன். பீங்கான் வைக்கலாம் என்று புத்தகமே சொல்கிறது. ரசத்தை ஊற்றி உள்ளே வைத்தேன். விளிம்பில் ஓடிய தங்கக் கோட்டை நான் அலங்காரம் என்று நினைத்தேன். பெட்டி அதை உலோகம் என்று நினைத்தது. படபடவென்று நீலப் பொறி. பிளக்கைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் கருகிய கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மனைவி. "ரசம் சூடு பண்ணீங்களா, வெல்டிங் பண்ணீங்களா?"

பிறகு தீர்ப்பு வந்தது. "இன்னொரு வாட்டி இந்தப் பெட்டில சத்தம் வந்துச்சி, செங்கல்பட்டுக்கு எங்க அக்கா வூட்டுக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

அக்கா ஏற்கெனவே பெட்டியை முழம் போட்டு அளந்துவிட்டுப் போயிருந்தாள்.

ஒரு மாதம் யோக்கியனாக இருந்தேன். தடித்த கண்ணாடிக் கிண்ணம் வாங்கினேன். அப்போதும் விளிம்பில் எரிமலை, நடுவில் மார்கழி. பாதியில் திறந்து கிளற வேண்டுமாம். மறுபடி மூட வேண்டுமாம். முடிந்த பிறகும் ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டுமாம். பசியோடு வந்தவனை இத்தனை தடவை அலைக்கழிக்க எங்கள் ஆபீசுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வந்ததும் கண் பெட்டி மேல்தான். அது என் கையில் பத்திரமாக இருக்கிறது என்று நிரூபித்தே ஆக வேண்டும். காலையில் வேகவைத்ததில் ஒரு முட்டை மிச்சமிருந்தது. உரித்துக் கிண்ணத்தில் வைத்தேன்.

"ஏங்க, முட்டை வேணாம்."

"ஓட்டோடதான் கூடாது. இது உரிச்சது. சட்டம் எனக்குத் தெரியும்."

"தம்பி பெரிய வக்கீலு," என்றாள் அக்கா.

சத்தமே இல்லாமல் சூடாகி முடிந்தது. வெற்றியோடு முட்டையைத் தட்டில் வைத்து, அக்காவுக்குப் பாதி தரலாம் என்று ஸ்பூனால் குத்தினேன்.

டமால்! மஞ்சள் கரு என் மீசையில், சுவர்க் காலண்டரில், அக்காவின் பட்டுப் புடவையில். மூக்குக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நீராவி அடைந்து கிடக்குமாம். வெட்டி வைத்திருந்தால் வம்பே இல்லை. அதை இப்போது சொல்கிறேன்.

"சத்தம் தட்டுலதான வந்துச்சி? பெட்டில வரலியே?" என்று வாதாடினேன்.

மனைவி பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். அக்கா புடவையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இன்னாத்துக்குடி இந்த பேஜாரு?" என்றாள். சொல்லிக்கொண்டே ஆட்டோ கூப்பிட்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஏறினாள்.

ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப நாளைக்கு மத்தியானம் என் சோத்தை எப்படிச் சூடு பண்றது?"

"வெயில்ல வைங்க."