பீகிங்கில் களி கிண்டிய கதை

டெல்லியில் பிரெஞ்சு படிக்கத்தான் விண்ணப்பம் போட்டேன். கிடைத்தது சீனம். அதையும் விடாமல் பிடித்துக்கொண்டு, இரண்டாம் வருட முடிவில் பீகிங்கில் கோடை வகுப்புக்கு இடமும் வாங்கிவிட்டேன். எண்பதுகளில் காரிமங்கலத்தில் ஒரு பெண்ணைத் தனியாகக் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏற்றிவிடுவதே பெரிய பேச்சு. நான் சீனாவுக்குப் போகிறேன் என்றதும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அங்கே பாம்பு தின்னச் சொல்வார்களா என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

அப்பாவின் கவலை வேறு. நிலக்கடலைக் காட்டிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"இங்க பாரு கண்ணு, நான் போக வேண்டாங்கல. ஆனா அங்க பெயிலாயிட்டு வந்தீன்னா அப்புறம் டெல்லியும் கெடையாது, சீனாவும் கெடையாது. வூட்டோட இருந்துக்க."

"சரிங்கப்பா" என்றேன். இதுவரை எதில் பெயிலாகியிருக்கிறேன் என்ற திமிர். அம்மா இதற்கிடையில் என் பெட்டிக்குள் ஒரு பை கேழ்வரகு மாவைத் திணித்தாள். எடுத்து வெளியே வைத்தேன். மறுபடி திணித்தாள். பெட்டியைப் பூட்டும்போது யார் ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பீகிங் போனதும் திமிர் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன். வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு எழும்பாது. சீனத்தில் ஒரே சொல்லைக் குரலை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் கோடை முழுக்கத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊர்த் தலையாட்டலைப் பார்த்து ஆமாவா இல்லையா என்று அவர்களுக்கும் விளங்கவில்லை. தக்காளி வாங்கக்கூட விரலைத்தான் நீட்டினேன்.

கடைசி வாரம் ஆசிரியை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தேர்வு என்பது ஒரு விருந்து. ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சமைத்து, ஆசிரியர்களுக்குப் பரிமாறி, அதைப் பற்றிச் சீனத்தில் பேச வேண்டும். பேசாதவர்கள் பெயில்.

கையில் இருந்ததோ அம்மாவின் மாவு மட்டும். விடுதிச் சமையலறையில் மாவு தேய்க்கிற உருட்டுக்கட்டையை வைத்துக் களி கிண்டினேன். வேர்க்கடலையும் மிளகாயும் அரைத்துச் சட்னி. கேழ்வரகின் பெருமை பற்றி ஒரு அருமையான பேச்சையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

எழுந்து நின்றேன். முதல் வார்த்தையிலேயே மொத்தமும் மறந்துபோனது. ஆசிரியை பேனாவை எடுத்தார். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டு அடுப்படி என் கண்முன்னால் வந்து நின்றது.

என் மேல் இரக்கப்பட்டோ என்னவோ, இருப்பதிலேயே வயதான பேராசிரியர் சாப்பிடும் குச்சிகளால் களியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல ஆரம்பித்தார்.

களியை மெல்லக்கூடாது என்று எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பால்குடி மறந்த குழந்தைகூடத் தொட்டு முழுங்கும். அதனால் என் அருமையான பேச்சில் அந்த ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கத் தோன்றவே இல்லை. பெரியவரின் தாடை மெதுவானது. பிறகு நின்றே போனது. கண் இரண்டும் உருண்டன. பக்கத்தில் இருந்தவர்களும் களியைப் பிட்டு வாயைத் திறந்தார்கள்.

"மெல்லாதீங்க!" என்று கத்தினேன். சீனத்தில்! "பல்லே படக்கூடாது! முழுங்குங்க! குச்சியைக் கீழே வைங்க, கையால உருட்டுங்க, சட்னியில தொடுங்க, முழுங்குங்க!"

தட்டுத் தட்டாக ஓடிப் பேராசிரியர்கள் கையிலிருந்து குச்சிகளைப் பிடுங்கினேன். குரல் ஏறியதா இறங்கியதா, யார் கண்டது. அதற்குள் பெரியவர் வாயில் விரலை விட்டுக் களியை இழுக்க, மேல்வரிசைப் பல்செட்டும் கூடவே வந்துவிட்டது. அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு பொக்கை வாயைத் திறந்து அவர் சிரித்த சிரிப்பில் மேஜையே குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஏன் மெல்லக்கூடாது என்று அவர் கேட்க, நான் சொல்ல, அப்பாவின் காடு, அம்மா திணித்த மாவு, கோயில் வாசல் பாம்புக் கவலை என்று எல்லாம் வந்து விழுந்தது. போதும் உட்காரம்மா என்று ஆசிரியை கையெடுத்துக் கும்பிடாத குறை. பாஸ். அன்று விடுதிப் படிகளை நான் நடந்து ஏறவில்லை, குதித்தே ஏறினேன்.

வீட்டில் இந்தக் கதையை எத்தனை தடவை சொல்ல வைத்தார்கள்! மெல்லாதே என்பதற்குச் சீனத்தில் என்ன என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். "பூ யாவ் ஜியாவ்" என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

டெல்லிக்குக் கிளம்பிய நாள் காரிமங்கலத்தில் சந்தை. பஸ்ஸுக்குள் ஆட்டுக்குட்டிகூட ஏறியிருந்தது. அப்பா மாவுப் பையை ஜன்னல் வழியாக நீட்டினார். "பெரியவருக்கும் கொஞ்சம் அனுப்பு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்:

"பூயா சாவ்! கண்ணு, பூயா சாவ்!"

ஏற்ற இறக்கம் எல்லாமே தப்பு. எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.