ஏரிப் புத்தகம் காணாமல் போன கதை

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ ஒரு கல்லூரிக்காகப் பிரதி எடுத்துப் போயிருந்தார்கள். அதில் மை அதிகமாகிக் கறுத்துப்போன ஒரு தாள் மேசையில் கிடந்தது. 'பெரிய நூலகத்தில் படிக்கச் சில யோசனைகள்' என்று தலைப்பு. சூடு ஆறாத காகிதத்தின் வாசனையோடு படித்தேன். முதல் யோசனை: காற்றோட்டமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இடம் இருந்தால்தானே தேர்ந்தெடுப்பதற்கு?

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படித்தேன். அங்கே நூலகத்தில் ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாற்காலிகள், கதவு திறந்த பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆட்களால் அல்ல. ஒன்றில் கைக்குட்டை, இன்னொன்றில் தண்ணீர் பாட்டில், மற்றொன்றில் துப்பட்டா. நான் கைக்குட்டைக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி நின்ற அப்பாவி. முதல் நாள் செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் போனேன். "இன்னாம்மா, அர்ச்சனைத் தட்டு எங்க?" என்று வாட்ச்மேன் கேட்டார். சிரித்துவிட்டுத் திரும்பி வந்து போட்டுக்கொண்டேன். காது மட்டும் சுட்டது.

என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் காட்டு வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது இன்றும் கழுத்து தானாக நிமிரும். அந்த நிமிர்ந்த கழுத்துதான் பின்னால் வினையாயிற்று.

என் ஆய்வேடு எங்கள் பக்கத்து ஏரிகளைப் பற்றியது. தொண்டூர், பனமலை என்று ஊர் ஊராக ஏரி, மதகு, வாய்க்கால் விவரம் எல்லாம் ஒரே ஒரு பழைய தடிப் புத்தகத்தில் இருந்தது. வெளியே தர மாட்டார்கள். தாள் உடைந்துவிடும் என்று ஜெராக்ஸுக்கும் விடமாட்டார்கள். கையால்தான் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதை நம்பி இருந்தது. சமர்ப்பிக்க ஒரு மாதம் இருந்தது.

நாலு நாள் எழுதினேன். ஐந்தாம் நாள் புத்தகம் இல்லை.

அங்கே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தனக்கு வேண்டிய புத்தகம் அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாதென்று, யாரும் போகாத கால்நடை மருத்துவ அலமாரியில் செருகிவிடுவார்கள். என் வகுப்பு நித்யா, தானும் அப்படிச் செய்வதை வெளிப்படையாகச் சொல்லிச் சிரிப்பாள். சென்னைப் பெண். வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். மாட்டு வைத்தியப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி அலுத்த பிறகு, வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன்.

"புக்க எங்கடி வெச்ச?"

"எந்த புக்கு?"

"ஏரி புக்கு. நடிக்காத. உங்க அப்பா கட்டுன லைப்ரரியா அது?"

"லூசாடி நீ? எனக்கு எதுக்குடி உங்க ஊரு ஏரி?"

அவள் சிரித்தது எனக்குத் தாங்கவில்லை. என்னென்னவோ பேசிவிட்டேன். வகுப்பு என் பக்கம் நின்றது. பையன்கள் அவளுக்குப் 'புக்குத் திருடி' என்று பேர் வைத்தார்கள். அவள் நூலகத்துக்கு வருவதையே நிறுத்தினாள். மூன்றாம் அத்தியாயத்தை அரைகுறையாக வைத்துக் கொடுத்தேன். பேராசிரியர் புரட்டிப் பார்த்து, "ஏரியில தண்ணியே இல்லயேம்மா" என்றார்.

தேர்வு முடிகிற சமயம், அலமாரி அடுக்கும் ஊழியர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா செஞ்சி, உன் புக்கு கெடச்சிடுச்சி, வா."

கூட்டிப்போய்க் காட்டினார். மாட்டு வைத்தியத்தில் இல்லை. ஏரிப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு அலமாரி தள்ளி, உயரமான புத்தகங்களின் நடுவே இருந்தது. இடப்பக்கம் ஒரு விரல் உயரம் அதிகம், வலப்பக்கம் ஒரு விரல் குறைவு. அம்மா அடுப்படிப் பலகையில் தவலை, குண்டான், சொம்பு என்று உயரப்படி வைப்பாளே, அதே அடுக்கு. பார்த்த உடனே என் கை என்று தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எதை எடுத்தாலும் எடுத்தவர்தான் அடுக்கி வைக்க வேண்டும். முதல் மூன்று நாள் ஊழியர் கையோடு வாங்கிப் போனார். நாலாம் நாள் சாயங்காலம் அவரைக் காணாமல், விட்டுப்போனால் மரியாதை இல்லையென்று, எடுத்த இடம்தான் என்ற நினைப்பில் நானே அடுக்கிவிட்டுப் போயிருக்கிறேன். முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்து வைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"எவன் வெச்சான்னு தெர்ல. மேசையிலயே உட்டுட்டுப் போங்கன்னு போர்டு மாட்டியிருக்குது, எவன் பாக்கறான்?" என்றார் அவர். போர்டு கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவு நாள் முழுக்கத் திறந்தே இருக்கும்.

நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. நித்யாவிடமும் சொல்லவில்லை. சொன்னால், 'பட்டிக்காட்டுக்குப் புத்தகம் வைக்கத் தெரியவில்லை' என்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அவளைத் திருடியாகவே விட்டுவிட்டேன். எழுதும்போதே என்மேல் கோபம் வருகிறது.

ஜெராக்ஸ் தாளில் ஏழாவது யோசனை: படித்த நூலை மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள். ஒரே ஒரு வரி! அன்று இரவே நித்யாவின் பழைய எண்ணுக்கு அடித்தேன். எடுத்த உடனே, தைரியம் போவதற்குள், "புக்க நான்தான் மாத்தி வெச்சுட்டேன், நீ இல்ல" என்று கொட்டிவிட்டேன்.

ஒரு பெரியவர் குரல். "நம்பரு மாறிப் போச்சும்மா. ஆனா வெச்சவ நீதான? போயி எடுத்து சரியா வெச்சிடு, முடிஞ்சிது."

எங்கே போய் வைப்பது? அந்த அலமாரிகளுக்குள் இப்போது மாணவர்களை விடுவதில்லையாம். கணினியில் கேட்டால் புத்தகம் ஜன்னல் வழியாக வருகிறது, ஜன்னல் வழியாகவே திரும்பிப் போகிறது. நித்யாவின் புது எண் வகுப்பில் யாரிடமும் இல்லை. கேட்டவர்களில் ஒருவன், "யாரு, அந்த புக்குத் திருடியா?" என்றான்.