கொம்பைக் கண்டால் நில்

அவர் ஆசிரியர் வேலைக்கு வந்தபோது தலை பாதி நரைத்திருந்தது. அதற்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். பாடநூல், நீதிமன்ற அறிவிப்பு, மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டு என எது வந்தாலும் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துச் சிவப்பு மையால் சுழிப்பது அவர் தொழில். அச்சகத்தை இழுத்து மூடினார்கள். எப்போதோ அஞ்சல் வழியில் படித்து வைத்திருந்த கல்வியியல் பட்டம் அப்போது கைகொடுத்தது. வேறு யாரும் போக விரும்பாத பள்ளி ஒன்றில் தற்காலிக இடம் கிடைத்தது.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அன்று சொன்னது இது: "இத்தனை வருஷம் காகிதத்தத் திருத்தினீங்க. அது பாவம், வாயத் திறக்கல. இதுங்க திருப்பிப் பேசும், பாத்துக்குங்க."

மேம்பாலத்தின் கீழே, வண்டி பழுதுபார்க்கும் பட்டறைக்கும் பழைய இரும்புக் கிடங்குக்கும் இடையில் அந்தப் பள்ளி இருந்தது. மாடியில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்ததால் அதைப் பூட்டிவிட்டார்கள். கீழே இருந்தது ஒரே கூடம். இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தி அதை வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். ஏழாம் வகுப்பின் வாய்பாடு ஆறாம் வகுப்பின் செய்யுளுக்குள் வந்து விழும். சன்னலைத் திறந்தால் புகை, மூடினால் புழுக்கம். பெரும்பாலும் பாதி திறந்து வைத்து இரண்டையும் அனுபவித்தார்கள்.

தலைமையாசிரியை ஒளிவு மறைவு அறியாதவர். முதல் நாளே உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"சார், பிள்ளைங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. மேல இருக்கறவங்களுக்கு நம்ம மேல ஒரு கண்ணு. வருஷக் கடைசியில ஆபீசர் வருவாரு. உங்க ஆறாம் வகுப்புல பாதிப் பேராவது தனித்தனியா வாசிச்சுக் காட்டணும். இல்லன்னா நம்மள மூடிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்தோட சேத்துடுவாங்க."

"அது பெரிய பள்ளிக்கூடம்தானேம்மா? பிள்ளைங்களுக்கு நல்லதுதானே?"

"அந்த ரோட்ட நீங்க கடந்து பாத்திருக்கீங்களா? லாரி ஓடற ஓட்டத்துல எந்த அம்மா தன் பிள்ளைய அனுப்புவா? பாதி வேலைக்குப் போயிடும். பாதி வீட்டுல கைக்குழந்தையத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும். படிப்பு அதோட சரி."

கலக்கத்தோடு வகுப்புக்குள் நுழைந்த அவருக்கு அங்கே ஓர் இன்ப அதிர்ச்சி. "முதல் பாடத்தை வாசியுங்கள்" என்றார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் வாசித்தது. ஒரு சொல் இடறவில்லை. நிறுத்தக் குறிகளில்கூட நின்று போனார்கள். பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டார். "புரிஞ்சுது சார்!" என்று கூடம் அதிர்ந்தது. அன்று வீடு திரும்பி, "தலைமையாசிரியை வீணாப் பயப்படறாங்க. பிள்ளைங்க தண்ணி பட்ட பாடா வாசிக்குதுங்க" என்றார் மனைவியிடம்.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் குறைவு. அச்சகத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளைச் சரிபார்ப்பது வழக்கம். அதில் பழகிய செவி அவருடையது. வகுப்பின் பெருங்குரலுக்குள் ஒரு குரல் மட்டும் மயிரிழை முன்னால் செல்வதையும் மற்றவை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதையும் அந்தச் செவி கண்டுகொண்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியின் குரல் அது. அவளை எல்லோரும் ரேடியோ என்றே அழைத்தார்கள். வாசிப்பின் நடுவே பின்வரிசைக்கு நடந்து போனார். அங்கே ஒரு பையன் வேறு பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்களை மூடி, ஒரு சொல்லும் பிசகாமல் முழங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் ரேடியோ காய்ச்சலில் வரவில்லை. "வாசிங்க" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அலமாரிக்கு அப்பால் ஏழாம் வகுப்பு மட்டும் தன் வாய்பாட்டைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் வந்ததும் விசாரணை தொடங்கியது.

"நேத்து ஏன் யாரும் வாசிக்கல?"

"நான் வரல இல்ல சார்" என்றாள் ரேடியோ. "நான் இல்லன்னா இவங்க எல்லாம் ஊமைப் படம்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் வெட்கம் சிறிதும் இல்லாதது அவரை உறுத்தியது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து சார். எல்லா டீச்சருக்கும் இது ரொம்பப் புடிக்கும்."

"புரிஞ்சுதான்னு கேட்டப்போ புரிஞ்சுதுன்னு சொன்னீங்களே!"

"நீங்க கேட்ட மாதிரியே சொன்னோம் சார். வேற மாதிரி கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்போம்."

அன்று முதல் அவர் வேறு மாதிரி கேட்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். கரும்பலகை அருகிலிருந்து நாற்காலியைப் பின்வரிசைக்குக் கொண்டு போனார். ஒவ்வொரு பிள்ளையாக அருகில் உட்கார வைத்து, ஒரே ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அப்படித்தான் கோந்து அவர் பக்கத்துக்கு வந்தான். கண்ணை மூடி முழங்கிய பையன் அவனே. ஓர் எழுத்தைத் தொட்டால் அதிலேயே ஒட்டிக்கொண்டு நகர மாட்டான் என்பதால் அந்தப் பெயர்.

'கொடி' என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"எ... க... ஆ... டி" என்றான் கோந்து.

"எங்கேப்பா இதுல 'எ' இருக்கு?"

"இதோ, முன்னாடி கொம்பு நிக்குதே சார். அதுக்கு 'எ' சத்தம்னு டீச்சர் சொன்னாங்க."

"அது எழுத்துக்கு அப்புறம்தான் ஒலிக்கும்."

"அப்புறம் ஒலிக்கறதுன்னா அப்புறம்தானே எழுதணும்? க்யூவுல முன்னாடி நிக்கறவனுக்குத்தானே சார் முதல்ல கொடுப்பாங்க?"

உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது அவர் கல்லூரியில் கற்ற இலக்கணம். ஆனால் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் கண்ணுக்கு முன்னும் காதுக்குப் பின்னுமாக வருகின்றன என்பதும், ஒகர, ஓகாரத்தில் ஒரே ஒலி எழுத்தின் இருபுறமும் பிளந்து நிற்கிறது என்பதும், இத்தனை ஆண்டுகள் சிவப்பு மையால் கொம்பைத் திருத்திக்கொண்டிருந்த அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது தோன்றாது. தெரியாதவன் அங்கேதான் தடுக்கி விழுகிறான்.

மற்ற பிள்ளைகளையும் சோதித்துப் பார்த்தார். கடைப் பலகைகளையும் பேருந்து முகப்புகளையும் பார்த்துப் பார்த்தே எழுத்துகளை அவர்கள் அறிந்திருந்தார்கள். விழுந்த இடம் பெரும்பாலும் ஒன்றே: கொம்பு.

"இதுக்கு என்னடா பண்ணலாம்?" என்று கோந்துவிடமே கேட்டார்.

அவன் நெடுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "கொம்பு வந்தா வாய மூடிக்கணும் சார். அடுத்தது யாருன்னு நல்லாப் பாத்துட்டு அப்புறம் தொறக்கணும். சிக்னல் மாதிரி."

இலக்கண நூல் எதிலும் இல்லாத அந்த விதியை அவர் தம் நடையில் கரும்பலகையின் மேல்மூலையில் எழுதினார்: 'கொம்பைக் கண்டால் நில்.' அதைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டார். பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். வாசிக்கிறவர் கொம்புக்கு நிற்காமல் போனால் வகுப்பு முழுவதும் வண்டி மோதுவதுபோல் ஓசை எழுப்பும். அவர்கள் வாசிப்பு மெதுவாயிற்று, மிக மெதுவாயிற்று. ஆனால் இப்போது வாசித்தது அவரவர் வாய். மனைவி, "உங்க வகுப்புப் பிள்ளைங்க ஒரு வரி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு பெட்டி மாத்திரை எண்ணிடுவேன்" என்று கிண்டல் செய்தார். அவருக்கு அது உறைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, பிறருடைய பிழையைச் சுழிப்பதைவிடப் பெரிய வேலை ஒன்று தமக்குக் கிடைத்திருப்பதாக எண்ணினார்.

ஆபீசர் வரும் மாதம் நெருங்கியபோது கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தார்கள். அவற்றுள் ரேடியோவின் வீடும் ஒன்று.

"ஊருக்கு வெளியில வீடு கொடுத்திருக்காங்க சார். அஞ்சாவது மாடியாம்."

"அங்க பள்ளிக்கூடம் இருக்கா?"

"கட்டப் போறாங்களாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள், அவள் குரல் தாழ்ந்து அவர் கேட்டது அன்றுதான். "சார், போறதுக்குள்ள ஒண்ணு பண்றேன். ஆளுக்கு ஒரு பாடத்தக் காதுல ஏத்திட்டுப் போறேன். ஆபீசர் முன்னாடி மடமடன்னு ஒப்பிச்சிடுவாங்க. பள்ளிக்கூடம் தப்பிச்சுக்கும்."

தலைமையாசிரியையும் அதையே சொன்னார்: "நல்ல யோசனைதான் சார். இந்த வருஷத்தத் தாண்டிட்டாப் போதும். அப்புறம் நிதானமாச் சொல்லிக் கொடுங்க."

அவர் ஒப்பவில்லை. பிழை என்று தெரிந்த பக்கத்தை அச்சுக்கு அனுப்பியதில்லை. இதையும் அனுப்ப மனம் வரவில்லை. அதோடு, பிள்ளைகளால் வாசிக்க முடியும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். "வேண்டாம்மா. அவங்களே வாசிப்பாங்க" என்றார்.

ரேடியோ அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க நல்லவரு சார். ஆனா வெவரம் பத்தாது."

ஆபீசர் வருவதற்குள் ரேடியோ புது வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். ஆபீசர் கொடுமைக்காரர் அல்லர். அன்று அவர் இன்னும் சில பள்ளிகளுக்குப் போக வேண்டியிருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாடநூலையே கையில் கொடுத்து, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாக அழைத்தார். முதலில் வந்த சிறுமி இரண்டாம் சொல்லில் கொம்பைக் கண்டு வாயை மூடினாள்.

"தெரியலையா? பரவால்லம்மா, போதும். அடுத்து."

அடுத்தவனும் நின்றான். அதற்கு அடுத்தவளும் நின்றாள். ஒவ்வொரு முறையும் ஆபீசர் பரிவோடு "போதும்" என்றார். ஆசிரியரால் பொறுக்க முடியவில்லை.

"சார், தெரியாம நிக்கலைங்க. கொம்பு வந்தா நின்னு, அடுத்த எழுத்தப் பாத்துட்டு—"

"எந்தக் கொம்பு?"

"முன்னாடி போடற கொம்புங்க. அது பின்னாடி ஒலிக்கறதால—"

ஆபீசர் பக்கத்தைப் பார்த்தார். அவர் கண்ணுக்குச் சொற்கள் தெரிந்தன; கொம்பு தெரியவில்லை. "நீங்க குறுக்க பேசக் கூடாது சார். விதிமுறை."

நடுவில் ஒருத்தி வந்தாள். ரேடியோவின் வாலைப் பிடித்தே ஆறாம் வகுப்பு வரை வந்தவள். புதிய முறை அவளிடம் சிறிதும் பலிக்கவில்லை. அவளுக்கு முதல் பாடம் வாய்த்தது. புத்தகத்தை மார்போடு சாய்த்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, நிறுத்தக் குறிகளில் நின்று, முழுவதும் சொன்னாள். ஆபீசரின் கண் கைப்பேசியில் இருந்தது. முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லா வாசிக்கறியே!" என்றார். அன்று தேறியவர்கள் அவளும் அவளைப் போன்ற இன்னும் சிலருமே.

கோந்துவுக்கு வந்த வரி: 'மேகம் கலைந்ததும் கொக்குகள் தெற்கே போயின.' கொம்புகளால் வேலி போட்டதுபோன்ற வரி. அவன் விரலை வைத்தான். வாயை மூடினான், பார்த்தான், திறந்தான். 'மேகம்' வந்தது. நெற்றி வியர்க்க, 'கலைந்ததும்' வந்தது. 'கொக்குகள்' வந்தபோது வகுப்பில் ஒருவன் மகிழ்ச்சி தாங்காமல் இருக்கைப் பலகையைத் தட்டினான். 'தெற்கே' என்பதன் கொம்புக்கு வந்து, ஒழுங்காக, வாயை மூடினான்.

"போதும்பா" என்றார் ஆபீசர். "அடுத்து."

முடிவைச் சொல்ல அவர் தாமதிக்கவில்லை. அலமாரிக்கு அப்பால் தலைமையாசிரியையிடம் பேசியது எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைங்க முயற்சி பண்றாங்க, ஆனா பாதிக்கு ரொம்பக் கீழ. தன் கையில ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துலதான். தலைமையாசிரியை ஒரே ஒரு முறை "அந்த ரோடு சார்..." என்றார். வண்டி கிளம்பும் ஓசை கேட்டது.

ஆசிரியர் வகுப்புக்குள் வந்தார். யாரும் அழவில்லை; அழுதிருந்தால் அவருக்கு ஏதாவது செய்யக் கிடைத்திருக்கும். பலகையைத் தட்டிய பையன் மட்டும், குறை சொல்லும் குரலில் அல்லாமல், சாதாரணமாகச் சொன்னான்: "ரேடியோ பேச்சக் கேட்டிருக்கலாம் சார்."

"ஆமாம்ப்பா" என்றார்.

கோந்துவின் புத்தகம் இன்னும் அதே பக்கத்தில் விரிந்து கிடந்தது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அந்த வரிய முடிச்சுடுப்பா. நான் கேக்கறேன். எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்ல."

அவன் விரல் அந்தக் கொம்பின் மேல் போய் நின்றது. உதடுகள் மூடியிருந்தன. அவர் காத்திருந்தார். வகுப்பும் காத்திருந்தது. அடுத்த எழுத்தை அவன் கண் பார்த்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது.

கோந்து புத்தகத்தை மூடினான்.

"அவரு போதும்னுட்டாரு சார்" என்றான்.