ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு

என் மனைவிக்குக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, குரலுக்குப் போகும் நரம்பு ஒன்றையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. தைராய்டில் வந்த கட்டி அந்த நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்ததாக மதுரை மருத்துவர் சொன்னார். மயக்கம் தெளிந்து அவள் முதலில் பேசியது வெறும் காற்றாக வந்தது. தொண்டை வறண்டிருக்கும், தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் அந்தக் காற்றில்தான்.

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பமே திரண்டு வந்தால், அதில் முடிவெடுக்கிறவர் யார் என்று சீக்கிரமே கண்டுபிடித்து அவரிடம் மட்டும் பேசுவாள். பேச்சுதான் அவள் பிழைப்பு. சிகிச்சை முடிந்து போனபோது கடை முதலாளி அவளை பில் போடும் இடத்தில் உட்காரச் சொன்னார். கூட்டம் ஏறும் நேரத்தில் அவள் சொல்வது எதிரில் நிற்பவருக்குக் கேட்கவில்லை. "என்ன, என்ன" என்று கேட்டுக்கேட்டு எல்லாரும் மேசை மேல் குனிந்தார்கள். அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள்.

எனக்குக் குருவிகுளத்தில் அலுவலக வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வருடத்தில் இரண்டு மூன்று முறை, நாலைந்து நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் தென்மலை, வாகமண், மூணாறு, கிழக்கே தனுஷ்கோடி. சொந்தக்காரர்கள் எங்களைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து, கடந்துபோகிற கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு வருவாள். காற்றையும் இஞ்சினையும் மீறி அவள் குரல் கேட்கும். இன்டர்காம் என்று ஒன்று ஹெல்மெட்டில் மாட்டுவதற்கு இருக்கிறது என்று அப்போதே தெரியும். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

தேவை கரிவலம்வந்தநல்லூர் தாண்டிய சாலையில் வந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்தவள் ராஜபாளையம் வரைக்கும் போய் வரலாம் என்று கூப்பிட்டாள். காலை வெயில் ஏறாத நேரம். கொஞ்ச தூரம் போனதும் அவள் ஹெல்மெட் என் முதுகில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒருவர் பைக்கில் பக்கத்தில் வந்து கையை ஆட்டினார்.

"அண்ணாச்சி, நிப்பாட்டுங்க. பின்னால அக்கா சரியுதாங்க."

நான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுவதற்குள் அவள் இடது பக்கமாகச் சரிந்து சாலையோர மண்ணில் விழுந்தாள். தோள்பட்டை எலும்பில் விரிசல் என்று பின்னால் தெரிந்தது. அப்போது நான் பார்த்தது அவள் கைகளைத்தான். விரல்கள் ஐந்தும் ஒன்றாகக் குவிந்து, மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து, கோழிக்கால்போல விறைத்திருந்தன. கூட்டம் கூடிவிட்டது. வலிப்பு என்று யாரோ சொல்ல, இன்னொருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார். அவளுக்கு நினைவு இருந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னதில் அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நான் அவள் வாயில் காதை வைத்தேன்.

"கால்சியம்," என்றாள். "மாத்திர போடல."

தைராய்டை எடுத்தபோது, ரத்தத்தில் கால்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னச் சுரப்பிகளும் கெட்டுப்போயிருந்தன. மாத்திரை தவறினால் உதடு மரத்து, கை இழுத்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வண்டியில் அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். தட்டிக் கூப்பிடக் கை வரவில்லை. கடைசியில் தலையால் என் முதுகை முட்டியிருக்கிறாள்.

தோளில் கட்டோடு அவள் வீட்டில் இருந்த நாட்களில் வண்டியை விற்றுவிடலாம் என்றேன்.

"வித்துப் பாருங்க," என்றாள். "உங்ககூடப் பேச மாட்டேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் இல்லை.

அப்படித்தான் இன்டர்காம் தேடத் தொடங்கினேன். அலுவலகத்தில் ஒருவர் பரிந்துரைத்ததை இணையத்தில் வாங்கினேன். இரண்டு ஹெல்மெட்டுக்கும் சேர்த்து ஒரு ஜோடி. காதுப் பக்கம் ஸ்பீக்கர், வாய்ப் பக்கம் மைக், வெளியே ஒரு சின்னப் பெட்டி. வீட்டு வாசலில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தோம். என் குரல் அவளுக்குக் கேட்டது. அவள் குரல் எனக்கு வரவில்லை. கழற்றி மாட்டினேன், மைக்கை உதட்டில் படுகிற மாதிரி வைத்தேன். ஒன்றும் இல்லை. பெட்டியில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அது வாய்ஸ் ஆக்டிவேஷன் சார். பேச்சு ஒரு அளவுக்கு வந்தாதான் லைன் திறக்கும். மேடத்தைக் கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளும் கேட்டாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கருவி பழுதாகவில்லை. அவள் குரலைக் குரல் என்று அது எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த முறை மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனபோது, ரைடர்களுக்கான சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். விற்பனையாளர் பெரிய பெரிய விஷயங்களாகச் சொன்னார். பத்து வண்டிகளை ஒன்றாக இணைக்கலாம், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரோடும் பேசலாம், பாட்டு தெளிவாகக் கேட்கும், மழையில் நனையலாம். என் ஆள் எனக்குப் பின்னால் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்திருப்பாள் என்றேன். எவ்வளவு சின்னக் குரலை இது எடுக்கும் என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அக்காவ ஒரு வார்த்த பேசச் சொல்லுங்களேன்," என்றார்.

அவள் துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். அடிக்கழுத்தில் தொடங்கிக் காதுக்குக் கீழே வரை ஏறிய தழும்பு அப்போதும் சிவந்துதான் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்து, கடையின் பெடஸ்டல் ஃபேனை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி முழு வேகத்தில் ஓட விட்டார். நான் சாலையைப் பார்த்து நின்றேன், இன்னொரு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு. முதல் கருவியில் காற்று மட்டும் வந்தது. இரண்டாவதில் சொல்லின் நடுப்பகுதி மட்டும் வந்தது. தொடக்கமும் முடிவும் இல்லை. மூன்றாவது, டெலிஃபோன்போல இரண்டு பக்கமும் எப்போதும் திறந்தே இருக்கும் வகை.

"கேக்குதா?" என்று என் காதுக்குள் சொன்னாள்.

நான் திரும்பாமல் தலையை ஆட்டினேன்.

"இதே போதும். கால் வலிக்கி, கிளம்புவோம்."

இதில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார். முகம் முழுவதும் மூடுகிற ஹெல்மெட் வாங்கினால்தான் மைக்கில் காற்று அடிக்காது என்றும் சொன்னார். வாங்கினோம். அதன் வார் தழும்பின் மேல் உரசியது. பழைய வேட்டித் துணியைக் கிழித்து அவளே வாருக்கு உறை தைத்துக்கொண்டாள்.

புளியங்குடிச் சாலையில் ஓட்டிப் பழகினோம். நாற்பதில் போனால் அவள் சொல்வது முழுதாகக் கேட்டது. ஐம்பதில் பாதி. அறுபதைத் தொட்டால் காற்று ஜெயித்துவிடும். ஆகவே நாற்பதிலேயே போனோம். சிற்றுந்துகளும் எலுமிச்சை மூட்டை ஏற்றிய வேன்களும் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப்போயின. அவள் மறுபடியும் பலகைகளைப் படிக்கத் தொடங்கினாள். எழுத்துப்பிழை இருந்தால் சொல்வாள். முன்னைவிட நிறையப் பேசினாள் என்றுகூடச் சொல்லலாம். வீட்டில், கடையில், கல்யாண வீட்டில் எல்லாரும் அவளிடம் குனிந்து "என்ன?" என்று கேட்டார்கள். வண்டியில் மட்டும் யாரும் கேட்கவில்லை.

எப்போதும் திறந்திருக்கும் கருவி என்பதால் பேச்சில்லாத நேரத்தில் அவள் மூச்சும் எனக்குக் கேட்டது. முதலில் சங்கடமாக இருந்தது. பக்கத்தில் படுத்திருக்கும்போதுகூட அவ்வளவு நெருக்கத்தில் கேட்டதில்லை. பிறகு பழகிவிட்டது. அது சீராக வந்தால் நான் கவலையில்லாமல் ஓட்டுவேன்.

மழைக்காலம் முடிந்து ஒருமுறை தென்மலைக்குக் கிளம்பினோம். தென்காசி வரையில் நன்றாகத்தான் இருந்தாள். செங்கோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மூச்சில் ஒரு மாற்றம் கேட்டது. உள்ளே போகிற மூச்சு பாதியில் வெட்டுப்பட்டது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினாள். இடையிடையே நெஞ்சுக்குள்ளேயே அமுக்கிய இருமல். வண்டிதான் மலை ஏறியது, அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். உட்கார்ந்திருப்பவளுக்கு ஏன் இரைக்கிறது? முந்தின இரண்டு பயணங்களிலும் இது லேசாக இருந்தது என்பது அப்போது எனக்கு உறைத்தது. ஆரியங்காவு வரைக்கும் அதைக் கவனித்துக்கொண்டே ஓட்டினேன். அவள்தான் கேட்டாள்.

"உங்களுக்குக் கேக்குதுல்லா?"

"என்னது?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீய. ரெண்டு மாசமா இருக்கு."

"சொல்லியிருக்கலாம்லா ஏட்டி."

"சொன்னா இங்கன வந்திருப்பமா? மதுரைக்குத்தான் போயிருப்போம்."

எதிரில் மரம் ஏற்றிய லாரிகள் வந்துகொண்டிருந்தன. என்னால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததனால்தான் அவளால் சொல்ல முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

"திரும்பிருவோமா?" என்றேன்.

"தண்ணியப் பாத்துட்டுத் திரும்புவோம். எனக்குப் பயமா இருக்கு. பேசாம ஓட்டுங்க."

பேசாமல் ஓட்டினேன். அணைக்கட்டில் தண்ணீர் நிறைந்திருந்தது. பார்த்தோம், டீ குடித்தோம். திரும்பி வரும் வழி முழுக்க அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கருவி திறந்தே இருந்தது. என் மூச்சு அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் கட்டி புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. கதிர்வீச்சுள்ள அயோடின் மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்தவரைச் சில நாள் தனி அறையில் வைத்துவிடுவார்கள், யாரும் பக்கத்தில் போகக் கூடாது. கட்டி அந்த மருந்தை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்து ஒரு மாத்திரை கொடுத்தார்கள். உள்ளங்கை தோல் உரிந்தது, சோறு இறங்கவில்லை. பாதியில் நிறுத்திவிடலாமா என்று அவள் மருத்துவரிடமே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். அவள் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை, நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். நான் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே கஷ்டமான வாக்கியம் அதுதான். அதுவும் என்னுடையது இல்லை, அவளுடையது.

அதற்குப் பிறகு வண்டியில் ஏறவில்லை. முன்னறைக் கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிடுவது அடுப்படிக்கு வராது. அவள் ஹெல்மெட்டிலிருந்து கருவியைக் கழற்றி, மைக்கைத் தலையணையில் ஊசியால் குத்திவைத்தேன். என்னுடையதைக் கழற்றவில்லை, ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டு சமைத்தேன். பால் கொண்டுவருகிறவர் ஒருநாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டார். அவளுக்கு அது கேட்டுவிட்டது. மூச்சு முட்டச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நெடுநேரம் அடங்கவில்லை. நான் ரசத்தை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் போனது ஒரு பகல் வேளையில். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டு. அப்போது எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

சில மாதம் கழித்து, அலுவலகத்தில் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர் என் மேசைக்கு வந்தார். மனைவியோடு மூணாறுக்குப் பைக்கில் போகப் போகிறாராம். இன்டர்காம் வாங்க வேண்டும், உங்களுக்கு விவரம் தெரியும் என்றார்கள் என்றார். என் கதை அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கைபேசியில் இரண்டு படத்தைக் காட்டினார். ஒன்று பேசினால் மட்டும் திறப்பது, இன்னொன்று எப்போதும் திறந்திருப்பது.

"இதுல பேட்டரி ரெண்டு நாள் நிக்குமாம். அதுல ஒரு நாள்கூட நிக்காதாம். முதல்லதையே வாங்கிரட்டா அண்ணாச்சி?"

"ரெண்டாவத வாங்குங்க," என்றேன். "சாயங்காலம் எங்கயாவது தங்கத்தான செய்வீங்க, அங்கன சார்ஜ் போட்டுக்கிடலாம்."

"பேசாதப்பவும் திறந்திருந்து என்ன செய்ய?"

நான் பதில் சொல்வதற்குள், பாட்டுக் கேட்குமா என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். கேட்கும், நன்றாகவே கேட்கும் என்றேன்.