தேவானையின் நிகழ்காலம்

தேவானைக்கு நாற்பத்தேழு வயது. கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் குழுவொன்றில் பட்டி வைப்பது அவருடைய தொழில். பழைய பூச்சைத் தகட்டால் சுரண்டி, வெடிப்புகளில் பட்டியை இழுத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து கொடுத்தால்தான் சுவரில் வண்ணம் நிற்கும். அதன்பின் தூரிகையைப் பிடிப்பவர்கள் ஆண்கள். கூலியும் அவர்களுக்கே கூடுதல். அவருடைய கணவர் பஞ்சாட்சரமும் அதே குழுவில்தான் வேலை செய்கிறார்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூச அக்குழு வந்தபோதுதான் தேவானையை நான் அறிந்தேன். சமையலறைச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்க வந்து பாரேன். இந்தச் செவுத்துக்கு இதுக்கு முன்ன ரோஸு. அதுக்குக் கீய பச்ச. அதுக்கும் கீய நீலம். நாலு தபா அடிச்சிக்கிறீங்க."

முப்பது ஆண்டுகளாக அவ்வீட்டில் வாழும் எனக்கே அந்த நீலம் மறந்துபோயிருந்தது.

அவர் பிறந்ததும் மணந்ததும் அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டைப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேலைக்குப் போன இடங்களில் மிஞ்சிய பட்டியையும் வண்ணத்தையும் கொண்டுவந்து, பொங்கலுக்கு முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பூசிக் கொடுப்பார். எந்தச் சுவரில் எத்தனை பூச்சு, எதன்மேல் எது என்பது அவர் கைக்குத் தெரியும். பெருவெள்ளம் வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் குடியிருப்பு இடிக்கப்பட்டது. நகரத்தின் வெளியே, பெரும்பாக்கத்து அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது தளத்தில் அவருக்கும் பஞ்சாட்சரத்துக்கும் ஓர் அறை கிடைத்தது.

அங்கே போன மூன்றாம் மாதம், வேலையிடத்தில் கழித்துப்போட்ட ஒட்டுப்பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் பட்டி வைத்தார். மேலே வெள்ளை, அது காய்ந்ததும் மஞ்சள், பிறகு கடற்பச்சை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினார். பிறகு சுரண்டத் தொடங்கினார்.

"இன்னாமே, வூட்டுச் செவுரு உரிஞ்சிக்கினு கீது, நீ பலகைக்குப் பட்டி வெக்கிற?" என்று பஞ்சாட்சரம் கேட்டார்.

"நீ போய் டீ வாங்கினு வா."

தேநீருடன் உள்ளே வந்தவர் பஞ்சாட்சரம் மட்டுமல்லர். பழைய குடியிருப்பில் இரண்டு வீடு தள்ளி வசித்த, ஆட்டோ ஓட்டும் லாரன்ஸும் கூட வந்தார். பலகையைப் பார்த்தவர் தேநீரைக் கையில் வாங்கவே இல்லை.

"டேய் பஞ்சா, இது எங்க வூட்டுச் செவுருடா. மீன்தொட்டி ஒரசுன எடம்கூட அப்டியே கீது பாரு."

யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரே கண்டுகொண்டார்.

அன்றுமுதல் தேவானை வரைவதெல்லாம் இதுதான்: ஒரு பலகை, ஒரு வீடு, அவ்வீட்டின் ஒரே ஒரு சுவர். கூரையும் கதவும் மனிதர்களும் அவற்றில் வருவதில்லை. நாட்காட்டி தொங்கிய ஆணித்துளை, அடுப்புப் புகை, வெள்ளம் நின்ற மட்டத்தின் மண்கோடு ஆகியவை வரும். தூரிகையால் பூசியவற்றைத் தகட்டால் கீறி, எந்த ஆண்டின் நிறம் எங்கே எட்டிப்பார்க்க வேண்டுமோ அங்கே நிறுத்திவிடுவார். ஆறு ஆண்டுகளில் பன்னிரண்டு பலகைகள் முடிந்தன.

அடையாறு பகுதியில் ஓவியக்கூடம் ஒன்றை நடத்துகிற ஷண்முகப்ரியா, தம் கூடத்துக்குப் பட்டி வைக்க வந்த தேவானையின் அலைபேசியில் இவற்றின் படங்களைப் பார்த்தார். உடனே, தாம் நடத்தவிருந்த கண்காட்சியில் மூன்றாவது ஓவியராக அவரைச் சேர்த்துக்கொண்டார். மற்ற இருவரில் சிம்ரா, மாம்பலம் நிலைய நடைமேம்பாலத்தில் இறங்கும் கூட்டத்தை முதுகுப்புறமாக மட்டுமே வரைபவர். தமிழ்மாறன், அலைபேசிக் கோபுரங்களில் உட்காரும் காகங்களைக் கரியால் தீட்டுபவர்.

படங்களுக்குத் தலைப்பு வேண்டும் என்று ஷண்முகப்ரியா கேட்டபோது, தேவானை சிறிதும் யோசியாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"லாரன்ஸு வூடு கீது. பேச்சியம்மா வூடு கீது. அன்வர் பாஷா வூடு கீது."

ஷண்முகப்ரியா கேட்டவாறே எழுதிக்கொண்டார். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை; அவருடைய கூடத்துக் கையேடுகளைப் பிழை பார்த்துக் கொடுப்பவள். இந்தக் கண்காட்சிக் கையேட்டின் மெய்ப்பும் வழக்கம்போல் அச்சுக்கு முன் என்னிடம் வந்தது. 'வூடு' என்பதை 'வீடு' என்று மாற்றினேன். 'கீது' என்பதை முதலில் 'இருக்கிறது' என்றே திருத்தினேன். பிறகு, இடிக்கப்பட்ட வீடு எப்படி இருக்கும் என்று எண்ணி, பன்னிரண்டு இடங்களிலும் 'இருந்தது' என்று எழுதி அனுப்பினேன். காலப்பிழையை நீக்கிவிட்ட நிறைவு எனக்கு. தேவானையிடம் ஒரு சொல் கேட்க வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை, ஷண்முகப்ரியாவுக்கும் தோன்றவில்லை.

திறப்புக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஷண்முகப்ரியா என்னை அலைபேசியில் அழைத்தார்.

"அம்மா, கொஞ்சம் உடனே வர முடியுமா? தேவானை அக்கா படங்களைக் கழட்டறாங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு பலகைகள் கீழே இறங்கிச் சுவரில் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒட்டெழுத்துகளில் 'லாரன்ஸ் வீடு இருந்தது' என்பதுபோல் ஒரு வரி சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சாட்சரம் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"வுடு மே, ஒரு வார்த்த தானே. நாளைக்கு அம்மாம் பேரு வர்றாங்க."

"உனுக்கு ஒரு வார்த்த. இடிச்சவன் எயுதுனா மாதிரி எயுதி வெச்சிக்கிறாங்க. இருந்துச்சுன்றது பொணத்துக்குச் சொல்றது. நான் இன்னா, பொணத்தையா வரைஞ்சிக்கினு இருந்தேன்?"

"அக்கா, எழுத்து வெட்டறவர் மூணு நாள் ஆகும்ங்கறார்," என்றார் ஷண்முகப்ரியா. "இந்தக் காட்சிக்கு மட்டும் இப்படியே இருக்கட்டுமே. இது உங்களுக்கு முதல் காட்சி. இதை விட்டா அடுத்தது எப்ப வருமோ தெரியாது."

"எனுக்கும் தெரியும்மா. அடுத்தது வராமக்கூடப் போவும்." ஐந்தாவது பலகையின் கொக்கியை அவர் கழற்றினார். "படம் வேணும்னா பேரும் வேணும். இல்லாங்காட்டி லாரன்ஸுக்கு போன் போடு, வண்டி எடுத்தாரட்டும்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களாம்மா திருத்துனது?"

"நான்தான்."

"தப்பும்மா."

எழுபத்தைந்து வயதில் அச்சொல்லை என்னிடம் யாரும் சொல்லிக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. லாரன்ஸின் சுவர் என் முழங்கால் அருகே சாய்ந்திருந்தது. அதன் மஞ்சள், பச்சையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே 'இருந்தது' என்று என்னால் படிக்க முடியவில்லை.

"தப்புதான், தேவானை," என்றேன். "நடந்து முடிந்ததை நடப்பதாகச் சொல்வது வழு. ஆனால் தக்க காரணம் இருந்தால் அதை வழுவமைதி என்று நம் இலக்கணம் ஏற்றுக்கொள்ளும். நான் காரணத்தைப் பார்க்காமல் திருத்திவிட்டேன்."

"இன்னா அமைதியோ. அதுல எனுக்கு எடம் கீதா, இல்லியா?"

"இருக்கிறது."

"அப்புறம் இன்னா?"

பஞ்சாட்சரம் சிரித்துவிட்டார். தேவானை சிரிக்கவில்லை. தம் பையிலிருந்து தகட்டை எடுத்தார்.

"எயுத்து வெட்ற ஆளு வாணாம். சொரண்டுறது என் வேலை."

ஷண்முகப்ரியா, "அக்கா, சுவர்!" என்று பதறினார்.

"இந்தச் செவுத்துக்குப் பட்டி வெச்சதே நான்தாம்மா."

'இருந்தது' என்னும் சொல்லை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக நெம்பி எடுத்தார். கீறல் விழுந்த இடங்களில் பட்டி இழுத்தார், காய்ந்ததும் தேய்த்தார். 'வீடு' என்பதையும் எடுத்துவிடட்டுமா என்று பஞ்சாட்சரம் கேட்டதற்கு, "அது ஒயுங்காத்தான் கீது, அத்த இன்னாத்துக்கு?" என்று விட்டுவிட்டார். இறங்கிய பலகைகளைப் பஞ்சாட்சரம் மீண்டும் மாட்டினார். நானும் ஷண்முகப்ரியாவும் தரையில் உட்கார்ந்து, அச்சாகி வந்துவிட்ட இருநூறு கையேடுகளிலும் என் திருத்தத்தை மையால் அடித்து, அவர் சொல்லை மேலே எழுதினோம். என் விரல்கள் மரத்துப்போயின.

மூன்று மணிக்குச் சுவர் தயாராயிற்று. தேவானை மெல்லிய தூரிகை ஒன்றைக் கேட்டு வாங்கி, லாரன்ஸின் சுவருக்குக் கீழே, 'வீடு' என்பதை அடுத்துச் சுரண்டிய இடத்தில், தம் சொல்லைக் கறுப்பு வண்ணத்தில் நிதானமாக எழுதினார். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

'லாரன்ஸ் வீடு கிது.'

ஷண்முகப்ரியா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவே அஞ்சினேன். ஆயினும் என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"தேவானை, சொல் உன்னுடையதுதான். அதை நான் தொடவில்லை. ஆனால், நீ சொல்லும்போது நெடில், எழுதியிருப்பது குறில். கி அன்று, கீ. மேலே ஒரு சுழி வேண்டும்."

அவர் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கிது. கீது.

"ஆமாம்மா. இயுத்துத்தான் சொல்றோம்." தூரிகையை வண்ணத்தில் தோய்த்தார். "இந்த மாதிரி திருத்துனா நான் இன்னா வாணாம்னா சொல்லப் போறேன்?"

அந்த எழுத்தின் தலையில் சுழியைச் சுழித்துவிட்டு, வண்ணக் கிண்ணத்தை அடுத்த பலகைக்கு நகர்த்தச் சொன்னார். மற்றப் பதினொன்றிலும் அந்தச் சுழியைத் தேவைக்கு மேல் பெரிதாகவே போட்டார்.